குளிரால் பாதிக்கப்பட்ட குடும்பம்

எழுதத் துணிந்தமைக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன் நான் எழுதியவை லீவு விண்ணப்பங்களும் இரண்டு அனுதாபக் கடிதங்களுமே. கதை எழுதக் கற்றவர்கள் பலர் இருக்க, கல்லாத ஒருவர் இடையில் புகுவது அழைக்காத பந்தியில் இலை போட்டு அமர்வதற்கு ஒப்பாகும் என்பதை அறிவேன். ஆயினும் புத்தூரைச் சேர்ந்த திரு. அருட்பிரகாசத்தின் குடும்பத்துக்கு நேர்ந்ததைக் கேட்டபின் வாளாவிருக்க இயலவில்லை. இதில் வரும் நிலையத்தின் உத்தியோகத்தர் எவரையும் குறைகூறும் எண்ணம் எனக்கு அணுவளவும் இல்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அதுவே அவர்களுக்கு நோவைத் தருமாயின் அதற்காகவும் மன்னித்தருள வேண்டும்.

அருட்பிரகாசம் தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துபவர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் பாயும் காலத்தில் அவருக்கு உண்ண நேரமிராது. மழை தொடங்கிவிட்டால் உறங்குவதைத் தவிர வேறு வேலையிராது. எவ்வளவு பழைய மிசினாயினும் அதனோடு பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். மனிதரோடு, அதிலும் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மனிதரோடு பேச நேர்ந்தால் மாத்திரம், "ஓம் ஐயா" என்பதைத் தாண்டி அவருக்கு ஒரு சொல்லும் எழும்பாது. மனைவி உதயகலா. பிள்ளைகள் பதினொரு வயதுத் துஷாந்தினியும் ஏழு வயது நிருஷனும்.

உதயகலாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் சிவதர்ஷன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நோர்வேக்குப் போனவர், பேர்கன் நகரிலிருந்து வடதுருவப் பக்கமாகப் போய்வரும் உல்லாசக் கப்பலொன்றின் குசினியில் சமையற்காரராக இருக்கிறார். போன நாள் முதல் அண்ணனும் தங்கையும் நேரில் கண்டதில்லை. அவருக்கு லீவு கிடைத்த வருடங்களில் இங்கே நிலைமை சரியில்லை. இங்கே நிலைமை சரியான வருடங்களில் அவருக்கு லீவு இல்லை. அப்படியே இருபத்திரண்டும் கழிந்தன.

அந்த வருடம் கப்பல் கம்பனி அவருடைய நீண்ட சேவையை மெச்சி, உறவினர் நால்வர் தங்க ஓர் அறையை இனாமாக வழங்கியது. டிசெம்பர் இருபத்திரண்டாம் திகதி புறப்படும் பயணத்துக்கு மாத்திரம். அந்தப் பயணத்தோடு கப்பலை விற்றுவிடப் போகிறார்கள்; வாங்குகிறவர்கள் பழைய ஆள்களை வைத்திருப்பார்களோ என்பது தெரியாது. விமானச் சீட்டுகளையும் சிவதர்ஷனே எடுத்து அனுப்பினார். தொலைபேசியில், "கலா, இதை விட்டால் இனி எப்ப எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை" என்றார். உதயகலா அன்று சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார்.

அதன்பின் அவ்வீட்டில் நடந்த ஆயத்தங்களைச் சுருக்கிச் சொல்வது கடினம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று அடுக்குக் கம்பளி, இரண்டு சோடி காலுறை, காதை மூடும் தொப்பி எனச் சிவதர்ஷன் பட்டியல் அனுப்பினார். பக்கத்து வீட்டு ஞானாம்பிகை, கனடாவிலிருந்து வந்த மகள் விட்டுச்சென்ற தடித்த மேலங்கியை நெல்மூட்டைக்குப் போர்த்தி வைத்திருந்தார். நெல்லை வெறுமேனியாக விட்டு அதைக் கொடுத்துதவினார். துஷாந்தினி பயண அட்டவணை ஒன்றை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினாள். "24: திமிங்கிலம். 25: பச்சை வானம். 26: மத்தியானம் இருட்டு." மத்தியானம் இருட்டினால் படுக்கச் சொல்லி ஏசுவார்களோ என்று நிருஷன் கேட்டான். மாமா விசாரித்து, ஏசமாட்டார்கள் என்று அறிவித்தார். அன்றிலிருந்து அவன் குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டித் தட்டில் கையை வைத்து நூறு வரை எண்ணிப் பயிற்சி எடுத்தான். கடலுக்குப் பழக வேண்டுமென்று குறிகாட்டுவானில் வள்ளமேறி நயினாதீவுக்கும் ஒருமுறை போய்வந்தார்கள். வள்ளம் ஆடியபோது துஷாந்தினி குமட்டிச் சத்தி எடுக்கவில்லை. நிருஷனும் எடுக்கவில்லை. அருட்பிரகாசம் போகும்போதும் வரும்போதும் எடுத்தார்.

வீசா பன்னிரண்டு நாளில் வந்தது. இவ்வளவு இலகுவாக ஒன்று முடிந்ததில் அருட்பிரகாசத்துக்கு இலேசான பயம் உண்டாயிற்று. அந்தப் பயம் வீண்போகவில்லை. பயண முகவர், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு குளிர்க்கடலில் உல்லாசம் போகிறவர்கள் மருதனார்மடத்தில் உள்ள நிலையத்துக்கு ஒருதரம் போய்வர வேண்டும் என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. போகாமல் விமான நிலையத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மாத்திரம் தெரியும்.

குளிர்ப்பிரதேசக் கடற்பயணச் சிறுவர் முன்னாயத்த நிலையம் சந்திக்கு அருகே, சீமெந்துக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தை விட அகலமாக இருந்தபடியால் அதன் கடைசி எழுத்துகள் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தன. உள்ளே ஸ்ரெல்லா என்னும் முகாமை உதவியாளர் அமர்ந்திருந்தார். விண்ணப்பப் படிவத்தில் எத்தனை பக்கங்கள் என்பது வெளியிடப்படுவதில்லை. ஒரு பக்கத்தை நிரப்பிக் கொடுத்தால், முத்திரை குத்தி அடுத்த பக்கத்தைத் தருவார்கள். முழுவதையும் ஒருமிக்கக் கொடுத்தால் பொதுமக்கள் குழம்பிவிடுவார்கள் என்பது சுற்றுநிருபம். பாட்டனாரின் தொழிலையும், வீட்டிலிருந்து அண்மையான கடலுக்குள்ள தூரத்தையும், பிள்ளைகள் ஐஸ்கிறீம் உண்ணும் வேகத்தையும் எழுதி அருட்பிரகாசம் பதினோராம் பக்கத்துக்கு வந்துசேர்ந்தார். அங்கே நாற்பத்தேழாம் வினா இருந்தது.

"உங்கள் குடும்பம் குளிரால் பாதிக்கப்பட்டதா? ஓம் / இல்லை."

இவ்விடத்தில் நேர்ந்ததைப் பிழை என்று சொல்வது முறையாகாது, அது பழக்கம். முப்பது வருடங்களாக எங்கள் பகுதியில் ஒருவர் நிரப்பிய படிவங்களில் எல்லாம் "பாதிக்கப்பட்டதா" என்றொரு வினா இருந்து வந்திருக்கிறது. போரால், இடப்பெயர்வால், சூறாவளியால், வெள்ளத்தால், வரட்சியால், கொள்ளைநோயால். "இல்லை" என்று எழுதியவரின் படிவம் அலுமாரிக்கு அடியில் போய்விடும். "ஓம்" என்று எழுதியவரின் வீட்டுக்கு நாலு தகரமாவது வந்துசேரும். அருட்பிரகாசத்தின் பேனை வினாவின் முற்பகுதியை வாசிக்கவில்லை. கடைசிச் சொல்லைக் கண்டதும் தானாகவே போய் "ஓம்" என்பதைச் சரியிட்டுவிட்டது. முந்திய கிழமை நிருஷனுக்கு மூக்கொழுகும் தடிமன் வேறு. மார்கழி பிறந்தால் காதுத் தொப்பி அணிந்து கோயிலுக்குச் செல்லும் மக்கள் நாங்கள். ஆகையால் அது முழுப் பொய்யுமன்று.

ஸ்ரெல்லா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். எழுந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போனார். சிறிது நேரத்தில் பணிப்பாளர் நாகலிங்கம் தாமே வெளியே வந்து, அருட்பிரகாசத்தின் இரு கைகளையும் பற்றி, உள்ளே அழைத்துச்சென்று, தமது சொந்தக் கதிரையில் இருத்தினார்.

"நீங்கள் எங்களுக்கு ஆர் எண்டு உங்களுக்கு விளங்காது," என்றார். அவருடைய கண்கள் பனித்திருந்தன. "மூண்டு வருசமாய்த் திட்டம் இருக்கு. கட்டடம் இருக்கு. வாகனம் இருக்கு, அதுக்குச் சாரதி இருக்கிறார். பாதிக்கப்பட்ட ஆள்தான் இல்லை. வருசா வருசம் 'பயனாளிகள் பூச்சியம்' எண்டு அறிக்கை எழுதி எழுதி நான் வெளியிலை தலை காட்டேலாமல் போச்சு. எங்கடை சனத்துக்கு இல்லாத கஷ்டமோ? குளிர் மட்டும் ஏன் வராமல் நிக்குது எண்டு கடவுளைக் கேட்டனான்."

அருட்பிரகாசம், அது தடிமன் மாத்திரமே, அதுவும் மாறிவிட்டது என்று சொல்ல முற்பட்டார். பணிப்பாளர் அவருடைய தோளைத் தடவினார்.

"அடக்கிக் கதையாதேங்கோ. பாதிக்கப்பட்டவை எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுவினம். பயிற்சியிலை சொல்லித் தந்தவை."

அதன்பின் நடைமுறையை விளக்கினார். குளிரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் திரும்பவும் குளிருக்குள் அனுப்ப எந்த மனச்சாட்சியும் இடந்தராது. ஆகவே முதலில் அடையாளங்காணல், இரண்டாவது நிவாரணம், மூன்றாவது மீட்சி. மூன்றும் முடிந்தால் சான்றிதழ். டிசெம்பர் பதினெட்டில் விமானம் என்றால் அதற்குள் தாராளமாக முடியும். அருட்பிரகாசம் "ஓம் ஐயா" என்றார். இறங்கும்போது ஸ்ரெல்லா எழுந்து நின்றார். வாழ்க்கையில் அவருக்காக ஒரு கந்தோரில் எவரும் எழுந்து நின்றதில்லை.

செய்தியைக் கேட்ட உதயகலா வெங்காயம் உரித்த கையோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். மழை பிந்திய வருடமாகையால் முற்றத்தில் உலர்த்தியிருந்த மிளகாய் வெடித்துக்கொண்டிருந்தது. "இஞ்சாருங்கோ, எனக்கு விளங்கேல்லை. எங்களுக்கு எப்ப குளிர்ந்தது?" என்று கேட்டார். மறுநாளே போய் அந்த "ஓம்" என்பதை வெட்டிவிட்டு வரும்படி அனுப்பினார். ஸ்ரெல்லா மிகுந்த பணிவோடு, பாதிப்பை நீக்குவதற்கென்று தனி விண்ணப்பம் உண்டு என்றும், நிவாரணம் பெற்றவர்கள் மாத்திரமே அதைக் கோரலாம் என்றும் அறிவுறுத்தினார்.

அடையாளங்காணலுக்குக் கள உத்தியோகத்தர் றஞ்சித், நண்பகல் பன்னிரண்டரைக்கு வெப்பமானியோடு வந்தார். அடுக்களையில் முப்பத்து நான்கு பாகை. மாமரத்தின் கீழ் முப்பத்தொன்று. கிணற்றடியில் முப்பது. றஞ்சித் கிணற்றடியைத் தெரிவு செய்தார். வியர்த்து ஒழுகிய நிலையில் சுடுதேநீரை அருந்திக்கொண்டே அவர் எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். "உத்தியோகத்தர் செல்வதற்கு முன்னரே குளிர் இடத்தை விட்டு அகன்றுள்ளது. எனினும் குடும்பத்தினர் நால்வரும் அதைப் பற்றிப் பேசத் தயங்கினர். இது பாதிப்பின் ஆழத்தைக் காட்டுகின்றது."

ஊரில் ஒரு வாகனம் ஒரு வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றால், அதன் பொருளை அறியாதவர் எங்கள் பகுதியில் இல்லை. வாகனம் போய்ப் புழுதி அடங்குமுன் ஞானாம்பிகை வேலியருகே வந்துவிட்டார். நெல்மூட்டையின் மேலங்கியைத் தந்தவர் என்ற முறையில் அவருக்குக் கேட்கும் உரிமை இருந்தது.

"ஏன் உதயகலா, ஒரே வேலிதானே. உங்கடை பக்கம் குளிர்ந்தால் எங்கடை பக்கம் மட்டும் சுட்டதோ? பதிய முதல் எங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

உதயகலா, இது கப்பலில் போவதற்கான அலுவல், நிவாரணம் அன்று என்று எவ்வளவோ விளக்கினார். கப்பலில் கொடுக்கிறார்களாம் என்ற அளவில் அது அடுத்த ஒழுங்கையைச் சென்றடைந்தது. ஒரு கிழமைக்குள் நூற்றுப் பதினான்கு குடும்பங்கள் தாமும் குளிரால் பாதிக்கப்பட்டதாகப் பதிவு செய்தன. அவர்களுள் ஒருவர் சூளை வைத்திருப்பவர். பணிப்பாளர் நாகலிங்கம் ஊடகங்களுக்கு விடுத்த அறிக்கையில், நிலையம் தொடங்கப்பட்டிராவிட்டால் இத்தனை பேரின் குளிர் வெளியே தெரியாமலே போயிருக்கும் என்று நெகிழ்ந்தார்.

நிவாரணம் வழங்கும் வைபவம் டிசெம்பர் இரண்டாம் திகதி பந்தலிட்டு நடைபெற்றது. அன்று மழையும் வரவில்லை, காற்றும் வரவில்லை. மங்கல விளக்கேற்றல், தேவாரம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை என நிகழ்ச்சிகள் முறையாக நடந்தேறின. பயனாளிகள் எல்லோரும் காதுத் தொப்பியும் சால்வையும் அணிந்து வரவேண்டும் என்பது அறிவுறுத்தல். அணியாதவர்கள் படத்தில் குளிரால் பாதிக்கப்பட்டவர்களாகத் தெரியமாட்டார்கள். கம்பளிப் போர்வையை அருட்பிரகாசம் பெற்றுக்கொள்ளும் காட்சி ஆறு தடவை படமெடுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் போர்வையைத் திருப்பிக் கொடுத்துத் திரும்பப் பெற்றார். ஆறாவது தடவை அவர் உண்மையாகவே நடுங்கினார். வெயிலில் வரும் நடுக்கம் அது. படப்பிடிப்பாளர் மிகவும் திருப்தியடைந்தார்.

பணிப்பாளரின் தலைமையுரை நாற்பது நிமிடம். "வெள்ளம் வந்த இடத்துக்கு எவரும் நிவாரணம் கொண்டு போகலாம், அது பெரிய காரியமன்று," என்றார் மேடைத் தமிழில். "குளிரே வராத மண்ணிலே குளிர் நிவாரணம் வழங்குவதற்குத்தான் நிருவாகத் திறமை வேண்டும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை என்றே சொல்கிறேன்." கைதட்டல் எழுந்தது. பின்னர் அவர், பாதிக்கப்பட்ட சிறுவனின் குரலை நாம் கேட்க வேண்டாமா என்று கூறி, நிருஷனைத் தூக்கி மேடையில் நிறுத்தி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எப்பிடி அப்பன் குளிர்ந்தது? பயப்பிடாமல் சொல்லு."

"இன்னும் குளிரேல்லை," என்றான் நிருஷன். "அதுக்குத்தான் கப்பலிலை போறம்."

ஒலிவாங்கி கோளாறு என்று அறிவித்து நன்றியுரைக்குச் சென்றார்கள்.

மீட்சிப் பயிற்சி எட்டாம் திகதி முதல் பன்னிரண்டாம் திகதி வரை வட்டுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில். நூற்றுப் பதினைந்து குடும்பங்களும் அழைக்கப்பட்டமையால் பாண், பருப்பு, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. பயிற்சியளிக்க வந்த, கப்பல் ஒன்றை முன்பின் கண்டிராத வளவாளர் ஒருவர், பிளாஸ்ரிக் கதிரைகளைக் கப்பல் வடிவில் அடுக்கிச் சுற்றிவரக் கயிறு கட்டினார். முன்பக்கம் கூராக வருவதற்குக் கதிரை போதாமல் நீண்ட மர வாங்கு ஒன்றைக் குறுக்கே போட்டார். எல்லோரும் யன்னல் ஓரம் கேட்டார்கள். குளிரைப் படிப்படியாக அறிமுகப்படுத்த வேண்டுமென்பதற்காக, மீன்வாடிக்குப் பனிக்கட்டி செய்யும் ஆலையிலிருந்து எட்டுக் கட்டிகள் கொண்டுவரப்பட்டு, பின்னே நான்கு மின்விசிறிகள் வைக்கப்பட்டன. வடதுருவக் காற்று விளைமீன் வாசத்தோடு வீசியது. விரத நாளில் வந்திருந்த சைவக் குடும்பங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மீட்சியடைந்தன.

பிள்ளைகளுக்கோ அந்த ஐந்து நாளும் திருவிழா. உருகிய நீரில் சீமெந்துத் தரை வழுக்கத் தொடங்கியதும், அவர்கள் கப்பலின் முனையிலிருந்து மேடை வரை வயிற்றால் சறுக்கினார்கள். பணிப்பாளர் பார்வையிட வந்தபோது அவரும் சறுக்கினார். அவர் அதற்கெனத் திட்டமிட்டு வரவில்லை. நிருஷனின் முன்பல் ஒன்று வாங்கில் மோதி விழுந்தது. உடனே அவனுடைய கோவையில் "குளிர்சார் பல் இழப்பு" என்று பதிந்தார்கள். தரையில் நின்ற நீரைக் கண்டு றஞ்சித் வேறொரு படிவத்தையும் கொண்டுவந்தார். "வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதா?" நூற்றுப் பதினான்கு குடும்பங்கள் ஒரே மூச்சில் "ஓம்" என்றன. அருட்பிரகாசம் பேனையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதைக் கதிரையில் வைத்து அதன்மேல் அமர்ந்துகொண்டார்.

பதினேழாம் திகதி, பயிற்சியில் நாளுக்கொன்றாகக் கிடைத்த வரவுச் சான்றிதழ்கள் ஐந்தையும் ஓர் உறையிலிட்டு எடுத்துக்கொண்டு பணிப்பாளரிடம் போனார். மூன்று கட்டங்களும் முடிந்துவிட்டன. மீண்ட குடும்பம் என்று முத்திரையிட்டால் போதும். பணிப்பாளர் கதவைச் சாத்தினார். முதன்முறையாக அவருடைய குரல் தாழ்ந்தது. உதவி வழங்குவோர் இருபதாம் திகதி பார்வையிட வருகிறார்கள். மற்றக் குடும்பங்களின் கோவைகள் இன்னும் பூர்த்தியாகவில்லை. அருட்பிரகாசத்தின் கோவை மாத்திரமே பல் வரை பூர்த்தியானது.

"நீங்கள் மீண்டு போட்டியள் எண்டால் நான் ஆரைக் காட்டுறது? மூண்டே மூண்டு நாள் பாதிக்கப்பட்டு இருங்கோ. இருபத்தோராம் திகதி காலமை நானே உங்களை மீட்டு விடுறன்."

விமானம் நாளை என்று அருட்பிரகாசம் சொன்னார். சொன்னதாகத்தான் அவர் எனக்குக் கூறினார். உண்மையில், "ஓம் ஐயா, விமானம் நாளைக்கு" என்றிருக்கிறார். முதல் இரண்டு சொற்களை ஏற்றுக்கொண்டு பணிப்பாளர் நன்றி தெரிவித்தார்.

பதினெட்டாம் திகதி காலை எட்டு மணிக்கு வான் மருதனார்மடத்தில் நின்றது. கூரையில் பயணப் பெட்டிகள். உள்ளே பிள்ளைகள் மூன்று அடுக்குக் கம்பளியில், கழற்ற மறுத்து, வேர்த்துச் சிவந்து, திமிங்கிலத்தைப் பற்றித் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். விமானம் மாலை ஏழு மணிக்கு. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எட்டு மணி நேரம். பத்து மணிக்குப் பின் புறப்பட்டால் பயனில்லை என்று வான் சாரதி சொல்லியிருந்தார். இம்முறை மேலே ஏறியவர் உதயகலா. அருட்பிரகாசம் பின்னால் நின்றார்.

"ஐயா, எங்களுக்குக் குளிரேல்லை," என்றார் உதயகலா. "ஒருநாளும் குளிர்ந்ததில்லை. எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார். இருபத்திரண்டு வருசமாய் நான் அவரைக் காணேல்லை. அவரைப் பாக்க விடுங்கோ. நீங்கள் படம் எடுக்கிறதுக்கு வேறை ஆரையும் பிடியுங்கோ."

பணிப்பாளர் அவருடைய துயரத்தில் முழுமையாகப் பங்குகொண்டார். "பிள்ளை, உங்கடை கவலை எனக்கு விளங்குது. அண்ணையைப் பிரிஞ்சதாலை பாதிக்கப்பட்டவைக்கு எங்களிட்டைத் திட்டம் இல்லை. இருந்தால் நான் முதல் ஆளாய் உங்களைப் பதிஞ்சிருப்பன்," என்று கூறி, கூட்டமொன்றுக்குப் போய்விட்டார்.

அப்போது ஸ்ரெல்லா, எவரையும் பாராமல், மேசை இலாச்சியை இழுத்து ஒரு புதிய முதலாம் பக்கத்தை எடுத்து முன்னே வைத்தார். "அக்கா, தாயின்ரை பெயரிலை புதுசாய் ஒருக்கால் போடலாம். அதுக்குத் தடையில்லை. சுறுக்காய் எழுதுங்கோ," என்றார் மெதுவாக.

உதயகலா எழுதினார். பாட்டனாரின் தொழில். கடலுக்குள்ள தூரம். ஐஸ்கிறீமின் வேகம். ஒவ்வொரு பக்கத்துக்கும் முத்திரை வேண்டும். முத்திரை பணிப்பாளரோடு கூட்டத்துக்குப் போயிருந்தது. ஸ்ரெல்லா பக்கத்தோடு ஓடிப் போய் முத்திரையோடு ஓடி வந்தார். ஆறாம் பக்கத்தில் ஒன்பதே முக்கால். வான் சாரதி கீழே ஒலியெழுப்பினார். விட்டுவிட்டுப் போனால் விமான நிலையத்தில் திருப்பிவிடுவார்கள். நின்றால் நேரம் போகிறது. உதயகலா தலைநிமிராமல் ஏழாம் பக்கத்தைக் கேட்டார். பதினொன்று இருபதுக்கு நாற்பத்தேழாம் வினா வந்தது. "இல்லை" என்பதைக் கடுதாசி கிழியும்படி சரியிட்டார்.

ஸ்ரெல்லா பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தார். மூன்று வருடங்களில் 'இல்லை' என்று எழுதி எவரும் அதுவரை வராதபடியால் அந்தப் பக்கத்தை அவர் எவருக்கும் கொடுத்ததில்லை, வாசித்ததுமில்லை. அதில் ஒரேயொரு வரி இருந்தது.

"நாற்பத்தேழாம் வினாவுக்கு 'இல்லை' என விடையளித்தோருக்குச் சான்றிதழ் தேவையில்லை. அவர்கள் பயணம் செய்யலாம்."

மூவரும் அதை ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். கீழே வான் சாரதி, விமானத்தை நிறுத்தி வைக்க முடியுமாயின் போகலாம் என்றார். நத்தார்ப் பண்டிகைக் காலமாதலால் விமானத்தில் அடுத்த இடம் இருபத்தாறாம் திகதிக்கே இருந்தது.

இருபத்திரண்டாம் திகதி பிற்பகல் சிவதர்ஷன் கப்பலின் மேல்தட்டிலிருந்து அழைத்தார். பின்னணியில் காற்று இரைந்தது. துறைமுகம் விலகிக்கொண்டிருந்தது. என்னதான் நடந்தது, ஒழுங்காகச் சொல்லு என்றார்.

"அண்ணை, நாங்கள் குளிராலை பாதிக்கப்பட்டிட்டம் எண்டு விடேல்லை," என்றார் உதயகலா.

மறுமுனையில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அவர் சிரிக்க, உதயகலாவும் சிரித்தார். வெள்ளம் என்றதும் மறுபடியும் சிரித்தார்கள். பணிப்பாளர் சறுக்கியதைத் துஷாந்தினி சத்தத்தோடு சொல்லிக் காட்ட, சிவதர்ஷன் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறினார். முந்நூறு பேருக்குச் சூப் வைக்க வேண்டும் என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். குளிர்க்காற்றில் கண்ணில் நீர் வருவது இயல்பு.

நிலையத்தின் ஆண்டறிக்கை தை மாதம் வெளியாயிற்று. அட்டையில் அருட்பிரகாசம் போர்வையோடு நடுங்குகிறார். திட்டம் தொடங்குமுன் குடாநாட்டில் குளிரால் பாதிக்கப்பட்டோர் எவருமில்லை என்றும், திட்டத்தின் பயனாக அத்தொகை இன்று நூற்றுப் பதினைந்து குடும்பங்களாக உயர்ந்துள்ளது என்றும் அதில் கண்டிருக்கிறது. பணிப்பாளர் பதவியுயர்வு பெற்றார். அவருக்கு என் பணிவான வாழ்த்துகள்.

இழந்தவை பின்வருமாறு.

கப்பலில் ஓர் அறை. அதில் நான்கு படுக்கைகள். போகவும் வரவும் விமானத்தில் நான்கு இடங்கள். பள்ளிக்கூட நாள்கள் ஐந்து. மிசின் திருத்தும் நாள்கள் பதினேழு. பாற்பல் ஒன்று. திமிங்கிலம், எண்ணிக்கை தெரியாது. ஒரு மத்தியானத்து இருட்டு. பேர்கன் துறைமுகத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் அடையாளம் காண எடுத்திருக்கக்கூடிய சில விநாடிகள்.